கப்பலின் அடியில் ஒட்டியது: கொட்டலசும் செப்புத் தகடும்



சென்ற ஆண்டு உயர்நிலை மூன்று மாணவர்களைப் புலாவ் உபினுக்குக் கற்றல் பயணம் அழைத்துப் போயிருந்தோம். திரும்பும் நேரத்தில் கடல் நன்றாக வற்றியிருந்தது. படகுத்துறைத் தூண்களில் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னக் கூம்புகள், ஒன்றின்மேல் ஒன்று நெருக்கியடித்துக்கொண்டு ஒட்டியிருந்தன. ஒரு மாணவன் தொட்டுப் பார்க்கப் போய் விரலைக் கீறிக்கொண்டான். நான் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தபோது கேட்டான்: "டீச்சர், தூண்லயே இவ்வளவு ஒட்டியிருக்கே, கப்பலுக்கு அடியில ஒட்டினா எப்படி எடுப்பாங்க?"

"சுரண்டித்தான் எடுப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் படகில் ஏறிவிட்டேன்.

அவன் விடவில்லை. அடுத்த வாரம் 'மனிதனின் கண்டுபிடிப்புகள்' என்ற தலைப்பில் எழுதிய கட்டுரையில் இப்படி ஒரு பத்தி இருந்தது: பிரிட்டிஷ் கடற்படை 1761-இல் ஒரு கப்பலின் அடிப்பாகம் முழுவதும் செப்புத் தகடு அடித்தது, அதனால் பிரச்சினை தீர்ந்தது. தேடிப் படித்து எழுதியிருக்கிறானே என்று மகிழ்ந்து பக்கத்தில் ஒரு பெரிய சரி போட்டேன். கருத்துக்கு முழு மதிப்பெண்ணும் கொடுத்தேன். பிறகு நானும் உட்கார்ந்து படித்தேன். அந்தச் சரியைப் போட்டிருக்கக் கூடாது என்று தெரிந்தது. ஆண்டு சரிதான், தகடும் சரிதான். 'தீர்ந்தது' என்ற சொல்தான் இடிக்கிறது. அவனுக்கு நான் பட்ட கடனை இந்தக் கட்டுரையில் அடைக்கப் பார்க்கிறேன்.

முதலில் அந்தக் கூம்பு என்ன என்று பார்ப்போம். தமிழில் கொட்டலசு, மலாயில் தெரித்திப், ஆங்கிலத்தில் பார்னக்கிள். பார்த்தால் சிப்பிக்குச் சொந்தம் போலத் தெரியும். உண்மையில் இது இறாலுக்கும் நண்டுக்கும் உறவு. குஞ்சாக இருக்கும்போது கடலில் நீந்தித் திரியும். நல்ல இடம் கிடைத்ததும் தலைப்பக்கம் இருக்கும் உணர்கொம்பிலிருந்து ஒரு பசையைச் சுரந்து தலைகீழாக ஒட்டிக்கொள்ளும். சுற்றிலும் சுண்ணாம்புச் சுவர் கட்டிக்கொள்ளும். அதன்பின் வாழ்நாள் முழுக்க அதே இடம்தான். தலை கீழே, கால் மேலே, காலை ஆட்டி ஆட்டி இரையைப் பிடிக்கும். செத்தாலும் ஓடு விழாது. மேல் ஓட்டை உடைத்தாலும் அடித்தட்டு மரத்தோடு அப்படியே இருக்கும். சார்லஸ் டார்வின் இந்தச் சின்ன உயிரை மட்டும் ஏறக்குறைய 8 ஆண்டுகள் ஆராய்ந்தார். அவர் வீட்டுப் பிள்ளை ஒன்று அண்டை வீட்டுக்குப் போய், அந்த வீட்டு அப்பா கொட்டலசு வேலையை எந்த அறையில் பார்ப்பார் என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. எல்லா அப்பாக்களுக்கும் அதுதான் வேலை என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கும்.

கொட்டலசு தனியாக வருவதில்லை. முதலில் வழவழப்பான பாசிப்படலம், பிறகு கடற்பாசி, சிப்பி, குழாய்ப்புழு என்று ஒரு குடியிருப்பே வந்துவிடும். அடிப்பாகம் சொரசொரப்பானால் தண்ணீர் கப்பலை இழுத்துப் பிடிக்கும். காற்று அதே காற்று, பாய் அதே பாய், வேகம் மட்டும் குறையும். வெப்பக் கடலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

மரக்கப்பலுக்கு இன்னொரு எதிரியும் இருந்தது: கப்பல் புழு. பெயர்தான் புழு, இதுதான் உண்மையில் சிப்பி இனம். மரத்தைக் குடைந்து உள்ளேயே வாழும். கொலம்பஸின் நான்காவது பயணத்தில் அவருடைய கப்பல்களை இந்தப் புழு சல்லடையாக்கிவிட்டது. எஞ்சிய இரண்டையும் 1503-இல் ஜமைக்கா கரையில் ஏற்றிவிட்டு, உதவி வரும்வரை ஓர் ஆண்டு அங்கேயே கிடக்க வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் எப்படிச் சமாளித்தார்கள்? சின்னப் படகுக்குக் கவலை இல்லை. நம் கட்டுமரத்தையே பாருங்கள். கரைக்கு வந்ததும் மணலில் இழுத்துப் போட்டுவிடுவார்கள். மரங்களை அவிழ்த்துக் காயவைப்பார்கள். காய்ந்தால் எதுவும் பிழைக்காது. பெரிய கப்பலை அப்படி இழுத்துப் போட முடியுமா? அலை ஏறும்போது ஒதுக்குப்புறமான கரையில் கொண்டுவந்து நிறுத்தி, பீரங்கி, சரக்கு எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, கயிறு கட்டி ஒரு பக்கமாகச் சாய்ப்பார்கள். வெளியே தெரியும் பாதியை நாணல் கொளுத்தித் தீயால் வாட்டுவார்கள். ஒட்டியது வெந்து இளகும். பிறகு இரும்புச் சுரண்டியால் சுரண்டுவார்கள். தார், குங்கிலியம், கந்தகம், மீன் எண்ணெய் போன்றவற்றைக் கலந்து பூசுவார்கள். அப்புறம் கப்பலை மறுபக்கம் சாய்த்து மறுபடியும் அதே வேலை. தார் பூசிய மரத்துக்குப் பக்கத்தில் தீ வைக்கிற வேலை என்பதை மறக்க வேண்டாம். சாய்த்து வைத்த நேரத்தில் எதிரி வந்தால் திருப்பிச் சுடவும் முடியாது. சில மாதம் கழித்து இத்தனையும் திரும்ப முதலிலிருந்து.

சரி, இப்போது அந்த 1761-க்கு வருவோம்.

எச்.எம்.எஸ். அலார்ம் என்ற போர்க்கப்பலின் அடிப்பாகம் முழுவதும் மெல்லிய செப்புத் தகடு அடித்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். 1763-இல் பார்த்தபோது செம்பு இருந்த இடத்தில் புழுவும் இல்லை, கொட்டலசும் இல்லை. என் மாணவனின் பத்தி இங்கே முடிந்துவிட்டது. ஆனால் அதே பரிசோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. பல இடங்களில் தகடு கழன்று போயிருந்தது. தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் அரித்துப்போயிருந்தன. சில ஆணிகள் மட்டும் நன்றாக இருந்தன. ஏன் என்று பார்த்தால், தகடுகள் பழுப்புத் தாளில் சுற்றி வந்திருக்கின்றன. சில இடங்களில் தாளைப் பிரிக்காமலேயே ஆணி அடித்துவிட்டார்கள். தாள் சிக்கிய இடத்தில் இரும்பு செம்பைத் தொடவில்லை, அதனால் பிழைத்தது. ஒரு தொழிலாளியின் சோம்பல் ஒரு பெரிய உண்மையைக் காட்டிக்கொடுத்தது என்று எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். கடல்நீரில் இரும்பும் செம்பும் ஒன்றையொன்று தொட்டால் இரும்பு அழியும். மின்கலத்தை வோல்டா உருவாக்கியது 1800-இல். அதற்கு 37 ஆண்டு முன்பே கப்பலின் அடியில் ஒரு மின்கலம் வேலை செய்துகொண்டிருந்தது, யாருக்கும் அது மின்கலம் என்று தெரியவில்லை.

ஆபத்து புரிந்தும் அவசரம் விடவில்லை. அமெரிக்கக் குடியேற்றங்கள் எதிர்த்து எழுந்தன. பிரான்சும் ஸ்பெயினும் சேர்ந்துகொண்டன. எண்ணிக்கையில் குறைந்த பிரிட்டிஷ் கடற்படைக்கு வேகம் வேண்டும், பழுதுபார்க்கும் துறையில் காத்துக்கிடக்கும் நேரம் குறைய வேண்டும். கடற்படைக் கணக்கதிகாரி சார்லஸ் மிடில்டன் 1779 முதல் ஒட்டுமொத்தக் கடற்படைக்கும் செம்பு அடிக்க வைத்தார். 1780 ஜனவரி 16-ஆம் நாள் இரவு, நிலா வெளிச்சத்தில், அட்மிரல் ராட்னியின் செம்படித்த கப்பல்கள் ஸ்பெயின் கப்பல்களைத் துரத்திப் பிடித்தன. செம்புக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது. ஆனால் பெரிய கப்பல்களின் மரச்சட்டங்களைப் பிணைத்த நீண்ட இரும்புத் தண்டுகள் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தன. 1780-களின் நடுவில் அவற்றை எல்லாம் கழற்றிவிட்டு, கடினப்படுத்திய செம்புத் தண்டுகளை மாற்றிப் போட வேண்டியதாயிற்று. வேல்ஸில் உள்ள பாரிஸ் மலைச் சுரங்கத்தின் செம்பு வியாபாரிக்கு இது நல்ல காலம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லாமல் போக மனமில்லை. செம்பு அடித்த கப்பலை விரும்பி வாங்கியவர்களில் அடிமை வியாபாரிகளும் உண்டு. வெப்பக் கடலில் புழு அண்டாது, பயணம் விரைவில் முடியும், இலாபம் கூடும். மாணவர்களே, ஒரு கண்டுபிடிப்பின் 'நன்மைகள்' என்று பட்டியல் போடும்போது யாருக்கு நன்மை என்றும் ஒரு வரி எழுதிப் பழகுங்கள்.

அடுத்து வருகிற பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. செம்பு வேலை செய்தது, ஆனால் கரைந்துகொண்டே இருந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுத் தகடு போட வேண்டும். பெரும் செலவு. 1823-இல் கடற்படை நிர்வாகம் லண்டன் ராயல் சங்கத்திடம் யோசனை கேட்டது. சங்கத்தின் தலைவர் ஹம்ப்ரி டேவி, சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு விளக்கு செய்து கொடுத்தவர், தானே இறங்கினார். உதவிக்கு மைக்கேல் ஃபாரடே. டேவி யோசித்தது இதுதான்: இரும்பு செம்பைத் தொட்டால் இரும்பு அழிகிறது, செம்பு பிழைக்கிறது. அப்படியானால் வேண்டுமென்றே ஒரு துண்டு இரும்பையோ துத்தநாகத்தையோ செம்போடு சேர்த்து வைத்தால் என்ன? அந்தத் துண்டு பலியாகும், செம்பு கரையாமல் இருக்கும். சோதித்துப் பார்த்தார். பட்டாணி அளவு துத்தநாகம் 40, 50 சதுர அங்குலச் செம்பைக் காப்பாற்றியது. 1824 ஜனவரியில் சங்கத்தில் அறிவித்தார்.

கடலில் சோதித்த கப்பல்களில் முக்கியமானது எச்.எம்.எஸ். சமராங். பெயரைப் பார்த்தீர்களா? ஜாவாவின் செமாராங்தான். கப்பல் கட்டப்பட்டது கொச்சியில், தேக்கு மரத்தில். 1822-இல் கடலில் இறங்கியது. வார்ப்பிரும்புக் கட்டிகளைப் பொருத்திக்கொண்டு கனடாவின் நோவா ஸ்கோஷியா வரை போய் 1825 ஜனவரியில் திரும்பியது. செம்பு கரையவே இல்லை என்று சொல்லலாம். டேவி சொன்னது அச்சாகப் பலித்தது.

பலித்ததுதான் பிரச்சினை. செம்பு ஏன் கொட்டலசை விரட்டியது? கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, ஒட்டவரும் குஞ்சுக்கு நஞ்சாக இருந்ததால்தான். கரைவதை நிறுத்தினால் நஞ்சும் நின்றுவிடும். காப்புக்கட்டி பொருத்திய கப்பல்கள், குறிப்பாகத் துறைமுகத்தில் அசையாமல் நின்றவை, பளபளப்பான செம்பின்மேல் பாசியும் கொட்டலசுமாகத் தோப்பு வளர்த்தன. செம்பைக் காப்பாற்றினார், செம்பு எதற்காக இருந்ததோ அந்த வேலை போய்விட்டது. 1825-லேயே கடலோடும் கப்பல்களிலிருந்து காப்புக்கட்டிகளைக் கழற்றச் சொல்லி உத்தரவு வந்தது. பத்திரிகைகள் கேலி செய்தன.

வரலாறு படிக்கும் மாணவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். சமராங் திரும்பியபோது அதன் அடி முழுக்கக் கொட்டலசு மூடியிருந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. டேவி அதை மறுத்தார். போர்ட்ஸ்மத் துறையில் தானே நேரில் பார்த்ததாகவும், பின்பக்கக் காப்புக்கட்டிகளைச் சுற்றி ஒட்டிய துரு தவிர மற்ற இடம் சுத்தமாக இருந்ததாகவும் எழுதினார். யார் சொல்வதை நம்புவீர்கள்? செய்தித்தாளுக்குப் பரபரப்பு வேண்டும். டேவிக்கோ தன் பெயர் முக்கியம். ஆனால் நேரில் பார்த்தவர் அவர். என்னைக் கேட்டால், இந்த ஒரு கப்பலைப் பொறுத்தவரை டேவி சொல்வதை ஏற்பேன். நீண்ட தூரம் ஓடிய கப்பல், குளிர்ந்த கடல். ஆனால் மற்றக் கப்பல்கள் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டன. ஒரே ஒரு ஆதாரத்தில் அவர் சரியாக இருந்தும், முடிவில் அவர் தோற்றது நியாயமே. டேவி 1829-இல் இறந்தார். சமராங் பின்னாளில் நம் பக்கம் வந்தது. போர்னியோ கடற்கரையை அளக்க வந்து, 1843-இல் கூச்சிங்குக்கு அருகே சரவாக் ஆற்றில் பாறையில் மாட்டி மூழ்கி, மறுபடி தூக்கி நிறுத்தப்பட்டது.

அதன்பின் காலம் இரும்புக் கப்பலுக்குத் திரும்பியது. இரும்பின்மேல் நேராகச் செம்பு அடிக்க முடியாது. அலார்ம் கப்பலின் ஆணிக்கு நடந்தது கப்பலுக்கே நடக்கும். இரும்பைப் புழு தின்னாது, ஆனால் கொட்டலசு தாராளமாக ஒட்டும். ஆக, இரண்டு வழிகள்: செம்பு உப்பைக் கலந்த நஞ்சுச் சாயம் பூசுவது, அல்லது கப்பலை அடிக்கடி உலர்துறையில் ஏற்றிச் சுரண்டுவது. சிங்கப்பூருக்கு இதில் பிழைப்பு கிடைத்தது. 1859-இல் கேப்டன் கிளவ்டன் புதிய துறைமுகத்தில், அதாவது இன்றைய கெப்பலில், ஓர் உலர்துறை அமைத்தார். 1868-இல் தஞ்சோங் பகாரில் விக்டோரியா துறை வந்தது. 1913-இல் கிங்ஸ் டாக். 1938-இல் செம்பவாங் கடற்படைத் தளம். தண்ணீரை இறைத்து வெளியேற்றியதும், ஈரம் காயும் முன் தொழிலாளர்கள் உள்ளே இறங்கிச் சுரண்டத் தொடங்குவார்கள். ஈரமாக இருக்கும்போது வருவது காய்ந்துவிட்டால் வராது. சொந்தப் படகு வைத்திருப்பவர்களுக்கும் இது தெரியும். செம்பவாங் தளத்தில் வேலை செய்தவர்களில் தமிழரும் மலையாளிகளும் ஏராளம். உங்கள் வகுப்பில் ஒரு மாணவரின் தாத்தா அங்கே இருந்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

உலர்துறை கிடைக்காத கடற்படைக்கு என்ன ஆகும் என்பதைச் சிங்கப்பூர் மக்கள் கண்ணாரக் கண்டார்கள். 1905 ஏப்ரல் 8-ஆம் நாள் ரஷ்யாவின் பால்டிக் கடற்படை புகை கக்கிக்கொண்டு நம் கரையைக் கடந்துபோனது. ஜப்பானோடு போர். ஐரோப்பாவிலிருந்து கிளம்பி, மடகாஸ்கரில் வெப்பக் கடலில் இரண்டு மாதத்துக்கு மேல் காத்துக்கிடந்த கப்பல்கள். வழியில் எந்தப் பெரிய துறையும் அவற்றை ஏற்றிச் சுரண்டத் தயாராக இல்லை. ஜப்பானியக் கப்பல்களோ சொந்த நாட்டுத் துறைகளில் பழுதுபார்த்துச் சுத்தமாக நின்றன. மே 27, 28-இல் சுஷிமாவில் ரஷ்யக் கடற்படை அழிந்தது. ஆனால் 'கொட்டலசால் ரஷ்யா தோற்றது' என்று எழுதிவிடாதீர்கள். பயிற்சி, பீரங்கி, தலைமை, அளவுக்கு மீறி ஏற்றிய நிலக்கரி என்று காரணங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் இதுவும் ஒன்று என்றால் போதும்.

20-ஆம் நூற்றாண்டு மறுபடியும் 'தீர்ந்தது' என்று சொன்னது. இந்த முறை டி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வெள்ளீயச் சேர்மம் கலந்த சாயம். 1970-களில் வந்த வகை கப்பல் ஓட ஓடத் தானே மெல்லத் தேய்ந்து, எப்போதும் புது நஞ்சை வெளியே காட்டும். அடிப்பாகம் ஆண்டுக்கணக்கில் வழவழவென்று இருந்தது. கப்பல் முதலாளிகளுக்குக் கொண்டாட்டம். பிறகு பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பவர்கள் திகைத்தார்கள்: சிப்பி ஓடுகள் தாறுமாறாகத் தடித்தன, குஞ்சுகள் பிழைக்கவில்லை. வேறு கடற்கரைகளில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு வளர்ந்தது. முட்டையிட முடியாமல் இனமே குறைந்தது. பிரான்ஸ் 1982-இல் 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் அந்தச் சாயத்தைத் தடுத்தது. உலக அளவிலான உடன்படிக்கை 2001-இல் எழுதப்பட்டு, 2008 செப்டம்பர் 17-இல்தான் நடைமுறைக்கு வந்தது. முதல் தடைக்கும் இதற்கும் இடையில் 26 ஆண்டுகள். கரையோரம் சிப்பி வளர்ப்பவரின் குரல் அவ்வளவு மெதுவாகத்தான் போய்ச் சேர்ந்தது.

அப்படியென்றால் நஞ்சே வேண்டாம், ஒட்டியது ஒட்டிக்கொண்டே வரட்டும் என்று விடலாமா? அதுவும் முடியாது. 1999-இல் வட ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரப் படகுத்துறைகளில், மத்திய அமெரிக்கக் கடலைச் சேர்ந்த ஒரு கருஞ்சிப்பி கோடிக்கணக்கில் பெருகியிருந்தது. படகில் தொற்றி வந்த விருந்தாளி. துறையை மூடி, குளோரினையும் செம்பு சல்பேட்டையும் கொட்டி, உள்ளே இருந்த உயிர்களை எல்லாம் கொன்றுதான் அதை ஒழிக்க முடிந்தது. கொட்டலசை 8 ஆண்டுகள் ஆராய்ந்தவர் பெயரைக் கொண்ட ஊரில் இது நடந்தது.

இப்போது முக்குளிப்பவர்கள் சுழலும் தூரிகை வண்டியைக் கப்பலின் அடியில் ஓட்டித் தேய்க்கிறார்கள். அழுத்தித் தேய்த்தால் சாயமும் சேர்ந்து உரிந்து கடலில் கலக்கும், வந்தேறி உயிரும் விழுந்து பிழைத்துக்கொள்ளும். அதனால் பல துறைமுகங்கள் தேய்ப்பதற்கு அனுமதி கேட்கச் சொல்கின்றன. உரித்ததை உறிஞ்சிப் பையில் பிடிக்கும் இயந்திரங்களும் வந்துவிட்டன. உலர்துறையில் சுரண்டிக்குப் பதில் மிக உயர்ந்த அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சுகிறார்கள்.

அந்த மாணவனை இந்த ஆண்டு மறுபடியும் பார்த்தேன், இப்போது உயர்நிலை நான்கு. பழைய கட்டுரையை எடுத்து வரச் சொல்லி, என் சரியை அடித்துவிட்டு, 'தீர்ந்தது' என்பதன் கீழே ஒரு கோடு போட்டேன். "மார்க்க குறைச்சிடுவீங்களா டீச்சர்?" என்றான். குறைக்கவில்லை, என் தவறுக்கு அவன் ஏன் இழக்க வேண்டும்? அதற்குப் பதிலாக, உலர்துறையில் ஏறிய ஒரு கப்பலின் படத்தைக் காட்டினேன். அடியில் சிவப்புச் சாயம், அதில் இன்றும் கலப்பது பெரும்பாலும் செம்புதான். அதன்மேல் வரிசையாகச் சின்னச் சாம்பல் கட்டிகள். எஃகு துருப்பிடிக்காமல் இருக்கப் பொருத்திய துத்தநாகம், 1824-இல் டேவி சொன்ன அதே யோசனை. இரண்டுக்கும் நடுவில், சுக்கானுக்குப் பக்கத்தில், தூரிகை எட்டாத மூலையில் ஒரு கொத்து.

"தெரித்திப்!" என்றான்.